சித்தப்பா எனும் திட்டக் கமிஷன்

டெல்லியில் திட்டக் கமிஷனை 2015-இல் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள். அது எங்கேயும் போய்விடவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சித்தப்பா வடிவில் சௌக்கியமாக இருக்கிறது.

"ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கோட்டை பார்த்துட்டு வரலாமா?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டால் போதும், சித்தப்பாவின் எக்செல் தாள் திறந்துகொள்ளும். சென்னையிலிருந்து திண்டிவனம் வரை பச்சை நிறம், அங்கே மேற்கே திரும்பினால் மஞ்சள். வழியில் காபி பன்னிரண்டு நிமிடம். கழிப்பறைக்குத் தனிக் கட்டம், அதில் அத்தைக்கு மட்டும் கூடுதல் ஒதுக்கீடு. அதைப் பார்த்து அத்தை குழுவை விட்டு வெளியேறுவார். சித்தி போன் போட்டுச் சமாதானம் செய்து மறுபடி சேர்த்துவிடுவார். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் நடக்க வேண்டிய பூஜை இது.

மனிதர் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு பேசுகிறவர் என்றால் தட்டிக் கழித்துவிடலாம். கஷ்டம் என்னவென்றால், நிஜமாகவே படித்துவிட்டுத்தான் வருவார். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளையும் சேர்த்து மதில் ஓடுவது, ராஜகிரி சுமார் 800 அடி உயரம், உச்சிக்குச் சற்று முன்னால் பாறைப் பிளவின் மேல் பாலம் ஒன்று இருப்பது எல்லாம் அவருக்கு அத்துப்படி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளைப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருந்தது செஞ்சி ஒன்றுதான். அன்றைக்குக் குழுவில் அவர் போட்ட குரல்பதிவை முழுதாகக் கேட்டவர்கள் இன்னும் யாரும் முன்வரவில்லை.

ஞாயிறும் வரும். ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டிய வேன் எட்டரைக்குக் கிளம்பும், சித்தப்பா தாளின் புதிய பிரதியை எல்லோருக்கும் அச்செடுத்துக் கொண்டிருந்ததால். காபி பன்னிரண்டு நிமிடத்தில் முடியும். அந்தச் சாதனையை அவர் விளக்கி முடிக்க அரை மணி ஆகும். வேன் அடிவாரம் சேரும்போது வெயில் மேற்கே சாய்ந்திருக்கும். "இனிமே மேல ஏற விடமாட்டோம் சார்" என்பார் காவலாளி. சித்தப்பா முகம் வாடும். அந்த வாட்டம் முழங்காலுக்கு இறங்கவே இல்லை என்பது சித்தியின் அபிப்பிராயம்.

ஏறாவிட்டால் என்ன? கல்யாண மகால் நிழலில் நின்றபடி, கைத்தடியை நீட்டி, கோட்டை முழுவதையும் கீழிருந்தே காட்டிவிடுவார். 1677-இல் சிவாஜி பிடித்தது, 1714-இல் சின்ன வயசு தேசிங்கு ஆற்காட்டு நவாப்பின் படையோடு மோதி மாண்டது, நெற்களஞ்சியம், யானைக்குளம் எல்லாம் வரும். பிள்ளைகள் அந்நேரம் குரங்கிடம் சிப்ஸ் பாக்கெட்டைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும்.

"ஏன் சித்தப்பா, இவ்வளவு திட்டம் போட்டும் மேல போக முடியலையே?"

"டேய், ஔரங்கசீப்போட தளபதி ஜுல்பிகர் கான் 1690-லே வந்து முற்றுகை போட்டான். கோட்டை கைக்கு வந்தது 1698-லே. நாம காலையிலேதானே வந்தோம்?"

இதற்கு மேல் யார் என்ன பேசுவது! வேனில் திரும்பும்போதே அடுத்த தாள் தயாராகிவிடும். இந்த முறை வேலூர்க் கோட்டை. சமதரை, சுற்றிலும் அகழி, ஏறுவதற்கு மலை கிடையாது.

"என்னங்க, திடீர்னு வேலூர்?" என்பார் சித்தி.

"முற்றுகையிலே தப்பிச்ச சிவாஜி மகன் ராஜாராம் செஞ்சியிலேர்ந்து நேரா எங்க போனாருங்கிறே? வேலூருக்குத்தான்."