இதயக்குறி எண்ணும் கணக்கு

திருவனந்தபுரத்துக்காரரான ஆஷா சோபனா 2024 மே மாதம் இந்தியாவுக்காக முதன்முதலில் ஆடியபோது அவருக்கு வயது 33. அந்த வயதில் சிலர் வர்ணனையாளர் அறைக்குப் போய்விடுகிறார்கள். அதே ஆண்டு ஜூன் 16 அன்று, பெங்களூரில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான தன் முதல் ஒருநாள் போட்டியில் 21 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்தார். அதே ஆட்டத்தில் ஸ்மிருதி மந்தனா 117 அடித்தார். இன்ஸ்டாகிராமில் மந்தனாவைப் பின்தொடர்பவர்கள் ஒரு கோடிக்கு மேல். ஆஷாவின் கூட்டத்தை அதன் பக்கத்தில் வைப்பது உபசாரத்துக்குக்கூடச் சரிவராது. மந்தனா உழைத்துச் சேர்த்த ரன்களை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ‘தேசத்தின் காதலி’ பட்டம் கொடுத்தவர்கள் கவர் டிரைவைப் பார்த்துக் கொடுத்ததாகச் சத்தியம் செய்தால், கேட்டுக்கொள்ளலாம்.

மட்டையாளருக்குத்தான் எப்போதும் மவுசு, இதில் முகத்துக்கு என்ன வேலை என்பார்கள். இருக்கட்டும். 2024 பிப்ரவரியில் மகளிர் பிரீமியர் லீக்கில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இந்தியர் ஆஷாதான். பெங்களூர் அணி 2 ரன்னில் பிழைத்த ஆட்டம் அது. 2023 ஏலத்தில் மந்தனாவை 3.40 கோடிக்கு வாங்கிய அந்த அணி, இவரை வாங்கியது 10 லட்சத்துக்கு. விளம்பரக்காரர்கள் கூட்டம் பார்த்துத்தானே பணம் போடுவார்கள் என்றால், அதுவும் நியாயம்தான். ஆனால், பந்தை எதிர்கொண்டவர்களின் கணக்கு வேறு: 2026 பருவத்துக்கான ஏலத்தில் ஆஷாவை 1.10 கோடிக்கு எடுத்தது, அந்த ஐந்து விக்கெட்டையும் பறிகொடுத்த உ.பி. வாரியர்ஸ்.