உணர்ச்சி காய நாளாகும்

ஓவியம் கற்றுக்கொள்ளச் சரியான வயது எது என்று என்னைக் கேட்டால், பெண்டாட்டி கேள்வி கேட்பதை நிறுத்திய பிறகு என்பேன். அதாவது, அப்படி ஒரு வயதே கிடையாது.

எனக்குச் சுத்தமாக வரைய வராது. யானை போட்டுக் காட்டினால் பேரன் 'பஸ்' என்பான். அதனால்தான் எக்ஸ்பிரஷனிசத்தைப் பிடித்தேன். 1905-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், கட்டடக் கலை படிக்க வந்த நான்கு பையன்கள் 'பாலம்' என்ற பெயரில் ஒரு குழுவை ஆரம்பித்தார்கள். கண்ணுக்குத் தெரிவதை அச்சாக வரைய வேண்டியதில்லை, மனசில் பொங்குவதை வண்ணத்தில் கொட்டு என்பது அவர்கள் கட்சி. இந்தப் பக்கம் மியூனிக் அருகே ஃபிரான்ஸ் மார்க் 1911-இல் குதிரைக்கு நீலம் அடித்தார்; யாரும் மாட்டு டாக்டரைக் கூப்பிடவில்லை. கோணினால் தப்பில்லை, நிறம் மாறினால் குற்றமில்லை. இதைவிட எனக்குத் தோதான கலை உண்டா, நீங்களே சொல்லுங்கள்.

மொட்டை மாடியில் ஸ்டாண்டை நிறுத்தினேன். எதிரே இயற்கைக் காட்சி: ஒரு தென்னை, எதிர்வீட்டுக் கறுப்புத் தண்ணீர் டாங்க், கொடியில் யாருடையதோ கட்டம் போட்ட லுங்கி. தென்னைக்கு ஊதா, டாங்குக்கு மஞ்சள், வானத்துக்கு நல்ல சிவப்பு என்று முடிவு செய்து, ட்யூபிலிருந்து பிதுக்கி ஆளிவிதை எண்ணெயைத் தாராளமாக விட்டுக் கத்தியாலேயே அப்பினேன். உணர்ச்சி வேகம்! சிவப்பு காய்வதற்குள் அதன்மேல் பச்சையை இழுத்ததில், இரண்டும் குழைந்து சாக்கடை நிறம் வந்தது. எதிரே சாக்கடை இல்லையே என்று பார்த்தேன். சரி, மனசில் இருந்திருக்கும்.

மனைவி மேலே வந்தாள்.

"என்னங்க இது?"

"நம்ம தெரு."

"எப்பங்க தீப்பிடிச்சுது?"

"உள்ளே இருக்கிற உணர்ச்சியை வெளிப்படுத்தியிருக்கேன்."

அவள் என் சட்டையைப் பார்த்தாள். பொங்கலுக்கு எடுத்த சட்டை. வரும் வழியில் மாடிப்படிக் கைப்பிடியையும் ஃப்ரிட்ஜ் கதவையும் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். "நானும் வெளிப்படுத்தட்டுமா?" என்றாள்.

படத்தோடு கீழே இறங்கிவிட்டேன்.

அப்புறம்தான் தெரிந்தது, எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. தண்ணீராக இருந்தால் ஆவியாகிப் போய்விடும். ஆளிவிதை எண்ணெய் காற்றிலிருந்து ஆக்ஸிஜனை இழுத்து, ஆற அமரக் கெட்டிப்படும். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். படம் காயவில்லை, பறந்து வந்த கொசு ஒன்று தென்னையில் ஒட்டிக்கொண்டது. மொத்தப் படத்தில் தத்ரூபமாக இருப்பது அது ஒன்றுதான்.

இந்தச் சமயத்தில் வாசல் கேட்டுக்கு எனாமல் அடிக்க பெயிண்டர் வந்தார். படத்தருகே குனிந்து, மோந்து, ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அடிக் கோட்டுல எண்ணெய தூக்கலா விட்டுட்டீங்க சார். முதல் கோட்டு டர்பன்டைன் விட்டு நீர்க்க அடிக்கணும். எண்ணெய் கூடுறதெல்லாம் மேல் கோட்டுலதான். இல்லேன்னா மேல காஞ்சு, கீழ காயாம, வெடிச்சுரும்."

ஓவியப் புத்தகத்தைப் புரட்டினேன். ஐரோப்பிய ஓவியர்களின் பால பாடமே இதுதானாம். அதுவரை அந்தப் பக்கம் பெயிண்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, என் கைங்கரியத்தில்.

போகும்போது, "எப்ப சார் கலர் அடிக்கப் போறீங்க?" என்றார்.

"அடிச்சாச்சே!"

"அப்படியா? ரெட் ஆக்ஸைடு பிரைமரோட நிக்குதுன்னுல்ல நெனச்சேன்."

வார்னிஷ் பூச இன்னும் ஆறு மாசமாவது பொறுக்கணும், அதுவரைக்கும் படத்தை ஹாலில் எங்கே வைக்கலாம் என்று மனைவியிடம் பணிவாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"சுவரைப் பார்க்கத் திருப்பி வைங்க."

"ஆறு மாசம் கழிச்சு?"

"அதுக்குள்ள சுவருக்குப் பழகிடும்."