யாலவில் யார் யாரைப் பார்ப்பது?

குடும்பத்தோடு இலங்கையின் யால தேசியப் பூங்காவுக்கு சஃபாரி போகிறோம். சிறுத்தை கண்ணில் படுமா?

அதன் கண்ணில் நீங்கள் படுவீர்கள், அது நிச்சயம்! இலங்கைக் காட்டில் புலியும் இல்லை, சிங்கமும் இல்லை. எதிர்த்து நிற்க ஆளில்லாததால் பட்டப்பகலிலேயே பாறைமேல் காலை நீட்டிப் படுத்திருக்கும். விடியற்காலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ போனால் வாய்ப்பு அதிகம்.

எந்த மாதம் போகலாம்?

யாரைப் பார்க்க? கரடியை என்றால் ஜூன், ஜூலை. பாலைப்பழம் பழுக்கும் காலம் அது. மரத்தில் ஏறி, கிளையை வளைத்துப் பிடித்துத் தின்னும். செப்டம்பரைத் தவிர்த்துவிடுங்கள். வறட்சி காரணமாகப் பூங்காவின் முக்கியப் பகுதியை வழக்கமாக மூடிவிடுவார்கள். ஆண்டு முழுவதும் விருந்தாளிகள் வந்துகொண்டே இருந்தால் வீட்டுக்காரர் எப்போது ஓய்வெடுப்பது?

ஜீப் டிரைவரிடம் "சீக்கிரம் போங்க" என்று சொல்லலாமா?

எதற்கு, புழுதியைப் பார்க்கவா? "என்ஜினை நிறுத்துங்க" என்று சொல்லிப் பாருங்கள். புள்ளிமான் திடீரென்று அலறினால் சிறுத்தை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ஓடுகிற ஜீப்பில் அந்தச் சத்தம் கேட்காது. வேகமாகப் போகும் வண்டியில் அடிபட்டுச் சாகும் விலங்குகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் உயிரைவிட நம் புகைப்படம் பெரிதல்ல.