நாலு அங்குல மெத்தை

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவருக்கு வேலை முடிந்தால் லயத்து வீடும் முடிந்தது. வீடு, குடிநீர், ஆயாக்கொட்டகை எல்லாம் முதலாளி பொறுப்பு என்கிறது 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம். வேலையில் இருக்கும்வரை, ஐயா! அதன் கீழ் வந்த 2020 விதிகள் இன்னும் தாராளம்: விடுதியில் ஆளுக்கு 3 சதுர மீட்டர், 4 அங்குல மெத்தை, தலையணை, போர்வை. அதற்குள் கோவிட் பக்கத்துக் கட்டிலில் படுத்துவிட்டது, வாடகை கொடுக்காமலே.

செரம்பான், நீலாய்ப் பக்கத் தோட்டங்கள் இன்று நகரியங்கள். 'மலிவு விலை' வீட்டுக்கு வங்கி சம்பளச் சீட்டு கேட்கிறது. வேலை முடிந்த தோட்டத்துக் கிழவரிடம் இருப்பது கிளினிக் சீட்டு. சுகாதார அமைச்சுக்கு ஒரு விண்ணப்பம்: இருமலுக்கு எழுதும் கையோடு ஒழுகும் கூரைக்கும் மருந்து எழுதிக் கொடுங்கள்.