தூரநோக்கும் தராசும்

பதுளைப் பக்கத் தோட்டக் காரியாலயங்களில் ‘தூரநோக்கு’, ‘செயற்பணி’ என்று இரண்டு வாசகங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். திட்டமில்லாத கம்பனி உருப்படாதாம். இருக்கட்டும்.

கோப்பிக் காலத்துத் துரைமார் மட்டும் திட்டத்தில் சளைத்தவர்களா? கோப்பியைக் கொழும்புக்கு இறக்க ரயில் வேண்டுமென்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டி, 1867இல் கண்டிவரை கொண்டுவந்தார்கள். 1869இல் கோப்பி இலையில் துருப் பூஞ்சை விழுந்தது. ரயில் பதுளைக்கு வந்தது 1924இல். ஏற்றுவதற்குத் தேயிலைதான் இருந்தது. இடையில், 1890இல் லிப்டன் வந்து, கோப்பி நொடிந்ததில் மலிந்துபோன தோட்டங்களை வாங்கினார். ஹப்புத்தளை தம்பேதென்னையில் தொழிற்சாலையும் எழுப்பினார். வியாபாரப் பாடங்கள் இதை ‘உத்தி’ என்கின்றன. அந்தப் பூஞ்சைக்கு ஒரு நன்றி வரிகூடக் கிடையாது.

2021 ஏப்ரலில் அரசாங்கமே ஒரு திட்டம் போட்டது: இனி இரசாயன உரம் கிடையாது, களைநாசினி கிடையாது. தேயிலைச் செடிக்கு வர்த்தமானி வாசிக்கத் தெரியாது; புல்லுக்குத் தெரிந்திருக்க வேண்டும், மலையெங்கும் கொண்டாடியது. நவம்பரில் தடை வாபஸ்.

ஆனாலும் திட்டம் பிசகாமல் நடக்கும் இடம் ஒன்று உண்டு: கொழுந்து நிறுக்கும் தராசு. சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று நிறுவையில் கழிப்பார்கள்.

“வெயில் கொளுத்துது, இன்னைக்கும் ஈரமா ஐயா?” என்று கேட்டுப் பாருங்கள்.

“அது முன்கூட்டியே போட்ட கணக்கும்மா.”