இலண்டன் பூண்டியல்

ஏட்டுப்பூண்டு, கோட்பூண்டு, குப்பிப்பூண்டு, சட்டிப்பூண்டு என இலண்டன் மாநகரில் மருந்துப் பூண்டு நால்வகைப்படும்.

1. ஏட்டுப்பூண்டு: பிரிட்டிஷ் நூலகத்தில் உறைவது. பத்தாம் நூற்றாண்டுப் 'பால்டின் மருத்துவ ஏடு' கண்கட்டிக்கு விதித்தது இது: பூண்டையும் அதன் வெங்காய இனப் பங்காளி ஒன்றையும் சம அளவில் இடித்து, திராட்சை மதுவும் மாட்டுப் பித்தும் சேர்த்து, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது இரவு வைத்து, துணியில் வடித்து, இறகால் கண்ணில் இடுக. 2015இல் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் அவ்வாறே செய்து பார்க்க, எம்.ஆர்.எஸ்.ஏ. என்னும் அடங்காக் கிருமி ஆய்வகத்தில் மடிந்தது. வாசகர் தம் கண்ணில் சோதிப்பது இந்நூலுக்கு உடன்பாடன்று.

2. கோட்பூண்டு: ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த நிக்கலஸ் கல்பெப்பர், 1652இல் வெளியிட்ட நூலில் மூலிகைகளைக் கோள்களுக்குப் பங்கிட்டார். பூண்டு செவ்வாயின் பங்குக்குப் போயிற்று. எனவே பூண்டுக்குச் செவ்வாய் தோஷம் உண்டு. மிளகோடு மட்டும் ஜாதகம் பொருந்தும்.

3. குப்பிப்பூண்டு: மருந்துக்கடையில் மாத்திரையாய் உறைவது. 2001இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் 146 பேர் 12 வாரம் மாத்திரை விழுங்கினர். பூண்டு அணிக்கு 24 சளி. வெறுமாத்திரை அணிக்கு 65. ஓர் ஆய்வு போதாது என்றது, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உண்போர் மருத்துவரைக் கேளாது இவ்வகையைத் தொடற்க, இரத்தக்கசிவு கூடலாம்.

4. சட்டிப்பூண்டு: ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ அடுப்பங்கரைகளில் கொதிப்பது. தமிழ்நாட்டார் பூண்டென்பர்; யாழ்ப்பாணத்தார் உள்ளியென்பர்; தடிமன் இருவர்க்கும் பொது. தொலைபேசியில் ஓர் இருமல் கேட்ட மாத்திரத்தே, "உள்ளியைத் தட்டிப் போட்டு ரசம் வச்சுக் குடி பிள்ளை" என அம்மா விதிப்பது.

விதி: தட்டாமல் கிட்டாது. பூண்டின் வீரியப் பொருளான அல்லிசின் முழுப்பல்லில் இல்லை. நசுக்கும்போதே அல்லினும் அல்லினேஸ் நொதியும் கூடி அது பிறக்கும். சூடு அந்நொதியைக் கெடுக்குமாதலின், தட்டியபின் பத்து நிமிடம் பொறுத்துச் சட்டியில் இடுக. பசியுள்ள வீட்டில் இவ்விதி செல்லாது.

பொதுக்குணம்: வாசம். பல் துலக்கியும் போகாது. அலைல் மெத்தில் சல்ஃபைடு இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியே வெளிவரும். நெரிசல் வேளை டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் பக்கத்து இருக்கை காலியாவது இதன் பக்கப்பயன்.

முடிபு: ஏட்டுப்பூண்டுக்கு ஆய்வகச் சான்று உண்டு, உண்பார் இல்லை. கோட்பூண்டுக்கு ஜாதகமே சான்று. குப்பிப்பூண்டுக்குச் சான்று அரை, விலை முழுது. சட்டிப்பூண்டுக்குச் சான்று கேட்டாரும் இலர்; ரசத்தை மிச்சம் வைத்தாரும் இலர்.