பிட் துரையின் ஐந்து கிராமம்

தாமஸ் பிட் (1653–1726) 1698 முதல் 1709 வரை சென்னைப்பட்டணத்தின் கவர்னர். திருவொற்றியூரும் எண்ணூரை ஒட்டிய கத்திவாக்கமும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கில் ஏறியது இவர் காலத்தில்தான். அப்பகுதியின் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியரும் நிலப் புரோக்கரும் இவரைப் பற்றிப் பேசினால் பேச்சு இப்படித்தான் போகும்.

ஆசிரியர்: 1674-ல இந்தியாவுக்கு வந்தார். கம்பெனிக்கு டிமிக்கி குடுத்துட்டுத் தனியா வியாபாரம் பண்ணார். வழக்கு வந்துச்சு, அபராதமும் போட்டாங்க.

புரோக்கர்: அப்பால உள்ள தள்ட்டாங்களா சார்?

ஆசிரியர்: கவர்னர் ஆக்கிட்டாங்க.

புரோக்கர்: நம்ம ஆளு!

ஆசிரியர்: அதுக்கு முன்னாடியே இங்கிலாந்துல ஓல்ட் சாரம்னு ஒரு மேட்ட வாங்கியிருந்தார். குடியிருக்க ஆள் கிடையாது. ஆனா பார்லிமென்ட்டுக்கு ரெண்டு பேர அனுப்புற உரிமை அந்த மண்ணுக்கு உண்டு.

புரோக்கர்: பட்டாவோட எம்.பி. சீட்டா! இங்க கவுன்சிலர் ஆவறதுக்கே செருப்பு தேயுது.

கிராமங்களின் கதை வந்ததும் புரோக்கர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார், தொழில் அப்படி.

ஆசிரியர்: 1702-ல நவாப் தாவூத் கான் பட்டணத்த மூணு மாசம் முற்றுகை போட்டார். அதே தாவூத் கான் 1708-ல திருவொற்றியூர், கத்திவாக்கம், சாத்தங்காடு, வியாசர்பாடி, நுங்கம்பாக்கம் அஞ்சையும் கம்பெனிக்கு எழுதிக் குடுத்தார். பிட் அனுப்புன அன்பளிப்புல சீமைச் சரக்கும் உண்டு.

புரோக்கர்: பத்திரச் செலவு. ஊர்க்காரங்கள கேட்டாங்களா?

ஆசிரியர்: எதுக்குக் கேக்கணும்?

புரோக்கர்: நானும் கேக்கறதில்ல சார். வில்லங்கம்?

ஆசிரியர்: அடுத்த நவாப் திருப்பிக் கேட்டார். 1717-ல டில்லி பாதுஷா பரூக்சியர் பர்மான் குடுத்த அப்புறம்தான் தீர்ந்துச்சு. அதே வருஷம் பிட்டோட வைரமும் வித்துச்சு. வைர வியாபாரி ஜம்சந்துகிட்ட 48,000 வராகனுக்கு வாங்குன 410 காரட் கல்லு. பட்டை தீட்டி பிரெஞ்சு அரசப் பிரதிநிதிக்கு 1,35,000 பவுனுக்குக் குடுத்தார். வாங்குன விலை இருபதாயிரம் பவுன் சொச்சம்.

புரோக்கர்: கமிஷன் யாருக்கு?

ஆசிரியர்: அந்தப் பணத்துலதான் கார்ன்வால்ல பெரிய எஸ்டேட். ஊர் திரும்புனதுமே மறுபடி எம்.பி. பேரன் வில்லியம் பிட் 1735-ல அதே ஓல்ட் சாரத்துலேர்ந்து உள்ள போய், பின்னால பிரதமர் ஆனார். அவர் மகனும் பிரதமர்.

புரோக்கர்: அந்த மேடு இப்ப வெலைக்கு வருமா சார்?

ஆசிரியர்: 1832-லயே சீட்ட எடுத்துட்டாங்க. இப்ப வெறும் மேடுதான்.

புரோக்கர்: அப்ப வேணாம்.